வாயால் ஊதிய முட்டை

கல்லோயாச் சந்தியில் இரவுத் தபால் ரயில் கொஞ்ச நேரம் தரித்து நிற்கும். மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் தண்டவாளம் பிரிகிற இடம் அது. அங்கே விழித்துக்கொண்டவர்கள் பிறகு நித்திரை கொள்ளக் கூடாது. கந்தளாய் கழிந்து, தம்பலகாமத்து வயல்வெளி கழிந்து, சீனன்குடாவை நெருங்கும்போது கிழக்கு வெளுத்துவிடும். ஜன்னலோரத்தில் பாலையும் வீரையும் முதிரையுமாகக் காடு. காட்டுக்குள்ளே பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன எண்ணெய்க் குதங்கள், துருவேறிய தலைகளோடு. மரங்கள் சட்டென்று விலகுகிற ஓரிடத்தில், ஒரு சின்ன அலைகூட இல்லாமல், தேய்த்துக் கழுவிக் கவிழ்த்த வெண்கலத் தட்டுப் போல உட்துறைமுகம் கிடக்கும்.

அம்மா பிறந்த ஊர். 1936இல் பிறந்தவர், கலியாணம் முடித்து யாழ்ப்பாணம் வந்து அறுபது வருடம் அங்கேயே வாழ்ந்தவர். ஆனாலும் "எங்கட ஊர்" என்று அவர் சொன்னால் அது திருகோணமலைதான். அவர் போய் நாலு வருடமாகிறது. ஆனி மாதத்தில் ஒரு கிழமை விடுப்பெடுத்து நான் அங்கே போனது கோணேசரைப் பார்க்கவும்தான். ஆனால் அதைவிட, அம்மா ஆயிரம் தடவை சொன்ன ஒரு கதை நடந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பதற்காக. அந்தக் கதை ஒரு துண்டு பபிள்கம் பற்றியது.

அம்மப்பா டொக்யாட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். வீடு கடற்கரைப் பக்கம், டைக் வீதியிலிருந்து உள்ளே போகிற ஒரு ஒழுங்கையில். 1944ஆம் ஆண்டு சித்திரை வருடப் பிறப்புக்கு ஒன்றிரண்டு நாள் முன்னதாக, அம்மம்மா முற்றத்தில் மாவிடித்துக்கொண்டிருந்தபோது, வெள்ளை உடுப்புப் போட்ட வெள்ளைக்காரக் கப்பல்காரர் இரண்டு பேர் படலையடியில் வந்து நின்றார்கள். செவ்விளநீர் வேண்டும் என்று சைகை காட்டினார்கள். அம்மப்பா ஆள்விட்டுப் பறித்துக் கொடுத்தார். குடித்து முடித்த பிறகு அவர்களில் இளையவர் எட்டு வயதுச் சிறுமிக்கு முன்னால் குந்தி இருந்து, வாயில் எதையோ மென்று, உதட்டைக் குவித்து ஊதினார். வாயிலிருந்து றோஸ் நிறத்தில் ஒரு முட்டை வந்தது. அது பெருத்துக்கொண்டே போய்ப் படாரென்று உடைந்து அவர் மூக்கில் ஒட்டியது. தொண்டைக்குள் இருந்த ஏதோ ஒன்று வெளியே வந்துவிட்டது என்று அம்மா அலறிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாராம். திரும்பி வந்தபோது அவருடைய கைக்குள்ளும் ஒரு துண்டு வைக்கப்பட்டது. மெழுகுத்தாள் சுற்றிய துண்டு.

அடுத்து நடந்ததைச் சொல்லும்போதுதான் அம்மா எப்போதும் சிரிக்கத் தொடங்குவார். "மாட்டுக் கொழுப்பில செய்ததாக இருக்கும், துப்பு" என்று அம்மம்மா உலக்கையோடு வந்தாராம். பயத்தில் அம்மா அதை விழுங்கிவிட்டார். குடலில் ஒட்டிக்கொண்டு பிள்ளை செத்துப் போகும் என்று அன்றிரவு வீட்டில் ஒருவரும் தூங்கவில்லை. விடிய விளக்கெண்ணெய் கொடுத்தார்கள். அந்த மெழுகுத்தாளை மட்டும் அம்மா தன் பாடப் புத்தகத்துக்குள் வைத்து யாழ்ப்பாணம் வரைக்கும் கொண்டுவந்தார். சின்ன வயதில் நானும் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். எழுத்தெல்லாம் அழிந்து, மடிப்புகளில் கிழிந்து, ஒரு மூலையில் மங்கலான றோஸ் கறை. 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் வீட்டோடு விட்டுவிட்டு வந்த சாமான்களில் அந்தப் புத்தகமும் ஒன்று.

வந்தவர்கள் யார் என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. "அமெரிக்கன் கப்பல்" என்பார். நாங்கள் பிள்ளைகள் அதை நம்பியதில்லை. திருகோணமலை பிரித்தானியக் கடற்படையின் தளம்; அமெரிக்கர் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்டு அவரை மடக்குவோம். பிற்காலத்தில் நானாகப் படித்தபோது அவர் சொன்னது அப்படியே உண்மையாக இருந்தது. 1944 மார்ச் 31ஆம் திகதி அமெரிக்காவின் விமானந்தாங்கிக் கப்பல் சரட்டோகா, மூன்று நாசகாரிக் கப்பல்கள் துணைக்கு வர, இந்தத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. பிரித்தானியக் கிழக்குக் கடற்படைக்கு அப்போது உருப்படியாக இருந்த பெரிய விமானந்தாங்கி இலஸ்ட்ரியஸ் ஒன்றுதான். அதற்குத் துணையாக வந்தது சரட்டோகா. பிரெஞ்சுப் போர்க்கப்பல் ரிஷ்லியுவும் ஏப்ரலில் வந்து சேர்ந்தது. ஒல்லாந்தர், ஆஸ்திரேலியர், நியூசிலாந்துக்காரர் எல்லோருடைய கப்பல்களும் அந்த ஒரே தண்ணீரில் நங்கூரமிட்டு நின்றன. வருடப் பிறப்பு முடிந்து சில நாட்களில் எல்லாமாகப் புறப்பட்டுப் போய் ஏப்ரல் 19ஆம் திகதி சுமாத்திராவின் நுனியில் இருக்கும் சபாங் துறைமுகத்தின் மீது விமானத் தாக்குதல் நடத்தின. மே 17ஆம் திகதி ஜாவாவின் சுரபாயா. அதோடு சரட்டோகா பிரிந்து தன் வழியே போய்விட்டது.

ஆக, அந்தக் கப்பல் இங்கே நின்றது இரண்டு மாதம்கூட இல்லை. அம்மாவின் செவ்விளநீர்க் கதை அந்த இடைவெளிக்குள் சரியாக உட்காருகிறது. உயிரோடு இருந்தபோது அவரிடம் இதைச் சொல்லி, "நீங்கள் சொன்னது சரி அம்மா" என்று ஒரு வார்த்தை ஒப்புக்கொண்டிருக்கலாம். படித்தது பிந்தித்தான்.

பிரட்றிக் கோட்டை வாசலுக்கு வெளியே, கடலைப் பார்த்தபடி, புள்ளிமான்கள் படுத்திருந்தன. திருகோணமலையில் மான்களுக்குப் பட்டணத்திலும் பங்குண்டு. கடை வாசலில் வந்து நிற்கும், பழத்தோல் கொடுத்தால் வாங்கும். நான் டைக் வீதியால் நடந்து ஒழுங்கை ஒழுங்கையாகப் பார்த்தேன். எந்தப் படலை என்று இப்போது சொல்ல முடியாது. படலைகளே இல்லை, எல்லாம் சீமெந்து மதிலும் இரும்புக் கதவும். முடிவில் ஒரு கிணறு கண்ணில் பட்டது. கட்டு உயர்த்தி, மேலே கம்பிவலை போட்டு மூடியிருந்தார்கள். அதுதான் அம்மா ஓடிய கிணறு என்று வைத்துக்கொண்டேன்.

மூலைக் கடையில் கண்ணாடிப் போத்தல்கள் வரிசையாக இருந்தன. தோடம்பழ இனிப்பு, புளிப்பு இனிப்பு, கச்சான் அல்வா. "சுவிங்கம் இருக்கா அண்ணா?" என்று கேட்டேன். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். "சாதாரணமா, முட்டை விடுறதா?" என்று திருப்பிக் கேட்டார். முட்டை விடுவதில் நாலு வாங்கினேன். ஒன்றைப் பிரித்தால் உள்ளே அதே றோஸ் நிறம்.

இந்த நிறத்துக்கு ஒரே ஒரு பிறப்பிடம்தான் உண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் பிளியர் என்றொரு சுவிங்கக் கம்பனி. அதன் முதலாளி பிராங்க் பிளியர் 1906இலேயே ஊதக்கூடிய ஒரு பசையைச் செய்து பார்த்தார். பெயர் பிளிப்பர் பிளப்பர். முட்டை வந்தது, ஆனால் உடைந்தால் முகத்தில் அட்டை போல ஒட்டிக்கொண்டு, தேய்த்துத் தேய்த்துக் கழுவினால்தான் போகும். கடைக்கே போகாமல் அது கைவிடப்பட்டது. இருபத்திரண்டு வருடம் கழித்து, அதே கம்பனியில் கணக்கெழுத வந்த வால்ட்டர் டீமர் என்ற இளைஞர், தன் வேலைக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு ஆசையில், ஓய்வு நேரங்களில் கலவைகளைக் கிண்டிக்கொண்டிருந்தார். 1928இல் ஒருநாள் சரியாக வந்தது: நன்றாக இழுபட்டது, முகத்தில் ஒட்டாமல் உரிந்து வந்தது. பார்க்கத்தான் அழுக்குச் சாம்பல் நிறமாக இருந்தது. பக்கத்தில் இருந்த உணவுச் சாயம் இளஞ்சிவப்பு ஒன்றுதான். அதை ஊற்றினார். உலகம் முழுக்கப் பிள்ளைகள் வாயிலிருந்து வெளியே வரும் முட்டை அந்த நிறத்தில் இருப்பதற்குக் காரணம் இவ்வளவே: அந்த நேரத்தில் அந்த மேசையில் வேறு சாயம் இருக்கவில்லை.

1928 டிசம்பர் 26ஆம் திகதி, நத்தாருக்கு மறுநாள், பிலடெல்பியாவில் ஒரு சின்னக் கடையில் அதைச் சோதனையாக விற்கக் கொடுத்தார்கள். துண்டு ஒரு சதம். அன்றைக்கே தீர்ந்தது. டபுள் பபிள் என்று பெயர் வைத்தார்கள். எப்படி ஊதுவது என்பதே யாருக்கும் தெரியாத காலம். ஆகவே டீமர் விற்பனைக்காரர்களுக்கு ஊதக் கற்றுக்கொடுத்தார், அவர்கள் கடைக்குக் கடை போய் ஊதிக் காட்டினார்கள். அம்மாவுக்கு முன்னால் குந்தி இருந்து ஊதிக் காட்டிய அந்தக் கப்பல்காரரை நினைத்தால் எனக்கு இந்த விற்பனைக்காரர்களின் ஞாபகம்தான் வரும். இந்தத் தின்பண்டத்தைக் கையில் கொடுத்தால் மட்டும் போதாது, ஒருவர் இன்னொருவருக்கு முன்னால் செய்து காட்ட வேண்டும். பாஷை தேவையில்லை.

டீமர் காப்புரிமை எடுக்கவில்லை, ஒவ்வொரு துண்டுக்கும் பங்கு கேட்கவில்லை. 1998இல் 93 வயதில் அவர் காலமானபோது பத்திரிகைகள் இதையெல்லாம் எழுதின. முதிய வயதில் ஒரு பெரிய மூன்று சக்கரச் சைக்கிளில் சுற்றி அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பபிள்கம் கொடுத்து வந்தாராம். எனக்கு அவர் மேல் பெரிய மதிப்பு உண்டு.

அவருடைய கம்பனிக்குப் போட்டியாகப் புரூக்ளினில் டொப்ஸ் கம்பனி 1947இல் பசூக்கா என்ற பபிள்கம்மை இறக்கியது. 1953 முதல் அதன் தாளுக்குள் பசூக்கா ஜோ என்ற கண்மறைப்புப் போட்ட பையனின் சித்திரக்கதை வரத் தொடங்கியது. பபிள்கம்மைத் தின்பதைவிடத் தாளைச் சேர்ப்பது பெரிதாகிவிட்ட கதை அங்கேதான் ஊன்றியது. தமிழ்நாட்டு நண்பர்களிடம் பேசினால் அவர்களுக்கு இதே பைத்தியம் 'பிக் ஃபன்'னில் பிடித்திருக்கிறது. உள்ளே வருகிற கிரிக்கெட் படங்களில் ரன் எண்ணிச் சேர்த்திருக்கிறார்கள். அவர்களுக்கு அடுத்த தலைமுறைக்குப் பூமர்.

எங்களுக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. நான் 1968இல் பிறந்தவன். எழுபதுகளின் இலங்கையில் வெளிநாட்டுச் சாமான் என்று ஒன்றும் கடைக்கு வராது, இறக்குமதிக் கட்டுப்பாடு. பாணுக்கு வரிசை, துணிக்கு வரிசை. வெளிநாட்டு ரொபி என்பது கப்பலில் வேலை செய்த மாமா யாராவது வந்தால் காண்பது. அந்த நாட்களில்தான் அம்மா இந்த முட்டைக் கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். விளக்கில்லாத இரவுகளில், முற்றத்தில் பாய் போட்டு, எங்கள் வாயில் ஒன்றுமில்லாதபோது. 1977இல் அரசாங்கம் மாறி இறக்குமதி திறந்துவிடப்பட்டது. அடுத்த வருடமே ஊர்க் கடைக்குப் பபிள்கம் வந்துவிட்டது. பத்து வயதில் முதல் துண்டை வாயில் போட்டபோது நான் எதிர்பார்த்தது இனிப்பை அல்ல, முட்டையை. மூன்று நாள் தாடை நோக மென்று, நாலாம் நாள் ஒரு சுண்டைக்காய் அளவுக்கு ஒன்று வந்தது. ஓடிப்போய் அம்மாவுக்குக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "அவன்ர முட்டை இதைவிடப் பெரிசு" என்றார்.

இரவில் அதைத் துப்ப மனம் வராது. கட்டில் சட்டத்தில் ஒட்டி வைத்து விடியத் திரும்ப வாயில் போடுவோம். இனிப்பெல்லாம் போய் வெறும் றப்பராக, லேசான மரவாசனையோடு இருக்கும். அந்த மரவாசனையைப் பற்றித்தான் பிறகு சொல்லப் போகிறேன்.

மறுநாள் காலை பட்டண இறங்குதுறைக்குப் போனேன். முன்பு மூதூருக்குப் போகிறவர்கள் எல்லோரும் இங்கேதான் லோஞ்ச் ஏறுவார்கள். கச்சான் காற்றுத் தொடங்கியிருந்தது. மேற்கிலிருந்து காட்டைத் தாண்டி வருகிற வறண்ட சூட்டுக் காற்று. வாயைத் திறந்தால் நாக்கு உலரும். எதிரே தண்ணீர் ஆழக் கறுப்பாக இருந்தது. இந்தத் துறைமுகம் எத்தனையோ கப்பலை மறைத்து வைத்திருந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலையில் ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்டபோது சகாயிங் என்ற சரக்குக் கப்பல் இங்கே தீப்பற்றியது. அடுத்த வருடம் அதை வேண்டுமென்றே மூழ்கடித்தார்கள். 2018இல்தான் இலங்கைக் கடற்படை அதைத் திரும்ப மிதக்க வைத்தது. குண்டு விழுந்தபோது அம்மாவுக்கு ஆறு வயது. அன்றைக்கே மாட்டு வண்டி கட்டித் தம்பலகாமத்துக்கு ஓடிப் போய் மாதக்கணக்கில் இருந்தார்களாம்.

இறங்குதுறையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு அண்ணனிடம் சுவிங்கத்தை நீட்டினேன். வாங்கிக்கொண்டு சிரித்தார். சீனன்குடாப் பக்கம் வளர்ந்தவர். "நாங்க சின்னப் பொடியளா இருக்கேக்க இதுக்குக் காசு குடுத்ததில்லை" என்றார். அங்கே 1980 வாக்கில் பிறீமா மா ஆலை ஓடத் தொடங்கியது. கோதுமைக் கப்பல் வந்து இறக்கும் நாட்களில் லொறியிலிருந்து வீதியோரம் மணி சிந்தும். அதைப் பொறுக்கி வாய் நிறையப் போட்டு மெதுவாக மெல்ல வேண்டும். "விழுங்கப்படாது. மாச்சத்தெல்லாம் எச்சிலோட போயிரும். கடைசியில கையில எடுத்தா இழுபடும். சுவிங்கம் மாதிரியே."

நான் அன்றைக்குப் பின்னேரமே ஒரு பிடி கோதுமை வாங்கிச் செய்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. பத்து நிமிடத்தில் வாயில் மிஞ்சியது சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன உருண்டை. விரலால் இழுத்தால் நூலாக வரும். கோதுமையின் பசைப் புரதம் அது. பாணை உப்ப வைப்பதும் அதே பசைதான். புளிமா உள்ளே காற்றைப் பிடித்து வைத்துக்கொள்வதும், கப்பல்காரர் வாயில் முட்டை நிற்பதும் ஒரே வேலை: இழுபட வேண்டும், ஆனால் கிழியக் கூடாது. என் உருண்டையில் முட்டை வரவில்லை.

அந்த அண்ணன்தான் கேட்டார்: "பாலைப்பழம் தின்னல்லையா? இப்ப காலம். கிண்ணியாப் பக்கம் போங்க."

பஸ் சீனன்குடாவைத் தாண்டி, துறைமுகத்தின் தெற்குக் கையைச் சுற்றிக்கொண்டு போய்க் கிண்ணியாப் பாலத்தில் ஏறியது. 2009இல் திறந்த பாலம், 396 மீற்றர், அப்போது இலங்கையில் அதுவே நீளமானது. அதற்கு முன் இங்கே பாதையில்தான் கடக்க வேண்டும். பாதை என்பது இழுவைப் படகு. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மரநிழலில், முக்காட்டுத் துணியை இழுத்துவிட்டபடி ஒரு முதிய அம்மா ஓலைப் பெட்டிக்கு முன்னால் இருந்தார். பெட்டி நிறைய மஞ்சள். தங்க மணியைக் கொட்டி வைத்தது போல.

பாலைப்பழம் ஒரு ஒலிவ் காயளவுகூட இல்லை. காம்பில் பழுப்பு நிறத்தில் குட்டித் தொப்பி. தோல் மெல்லியது; விரலால் நசுக்கினால் நெய் போன்ற சதை, அதற்குள் மினுங்குகிற கபில நிற விதை ஒன்று, பெரும்பாலும் ஒன்றே. சதையில் வெள்ளையாகப் பால் கசியும். இனிப்பு என்றால் கொடிய இனிப்பு, தேனில் ஊறிய பேரீச்சை போல. இரண்டு தின்றால் ஒன்றுமில்லை. பத்துத் தின்றால் உதடும் உதடும் ஒட்டிக்கொள்ளும். பல்லில் மெழுகு பூசினாற்போல ஒரு படலம் வரும். மென்றுகொண்டே இருந்தால் அந்தப் படலம் நாக்கில் திரண்டு, சின்னதாக, இழுபடும் ஒரு துணுக்காகிவிடும்.

நான் அந்தத் துணுக்கை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். கட்டில் சட்டத்தில் ஒட்டி வைத்து விடிய மென்ற பபிள்கம்மின் அதே மரவாசனை.

இது எனக்கு மட்டும் வந்த மயக்கம் இல்லை. நவீனச் சுவிங்கம் தொடங்கியதே இந்த மரத்தின் ஒன்றுவிட்ட அண்ணனிலிருந்துதான். மெக்சிக்கோவின் யுகத்தான் காடுகளில் ஒரு மரத்தைக் கத்தியால் கோடு போட்டு வெட்டி, வழிகிற பாலைக் கொதிக்க வைத்துக் கட்டியாக்கினால் வருவது சிக்கிள். அங்கத்தைய மக்கள் காலங்காலமாக மென்றது. மெக்சிக்கோவின் ஜனாதிபதியாக இருந்து நாடு கடத்தப்பட்ட சாந்தா அன்னா அதை நியூயோர்க்குக்குக் கொண்டுவந்தார்; வண்டிச் சில்லுக்கு றப்பர் செய்யலாம் என்று தோமஸ் அடம்ஸ் என்பவர் முயன்று தோற்றார்; மிஞ்சியதை மெல்ல விற்றார். 1871இல் சுவிங்கம் செய்யும் இயந்திரத்துக்கு அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. சிக்கிள் தரும் அந்த மரம் நம் வீடுகளில் நிற்கிற சப்போட்டாதான். பழுக்காத சப்போட்டாவைக் கடித்து உதடு ஒட்டிய அனுபவம் எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கு இல்லை?

சப்போட்டாவும் பாலையும் ஒரே பேரினம். தாவரவியலில் இரண்டுக்கும் முதற்பெயர் மணில்காரா. தமிழ்நாட்டில் பாலையை உலக்கைப்பாலை என்பார்கள். அங்கத்தைய நாற்றங்கால்களில் சப்போட்டா ஒட்டுக் கட்டும்போது அடிக்கன்றாக வைப்பது இந்தப் பாலையைத்தான். வேரும் அடியும் நம் காட்டு மரம், மேலே மெக்சிக்கோ மரம், இரண்டின் பாலும் ஒரே தண்டில் ஓடும். இன்னொன்று: மணில்காரா என்ற பெயரே மலையாளம். பதினேழாம் நூற்றாண்டில் கொச்சியில் ஒல்லாந்து அதிகாரியாக இருந்த வான் ரீட், உள்ளூர் வைத்தியர்களைக் கொண்டு எழுதுவித்த 'ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்' நூலிலிருந்து எடுத்த பெயர் அது. யுகத்தான் காட்டில் உலகத்துக்கே சுவிங்கம் கொடுத்த மரம் நம் கரைப் பாஷையில் ஒரு பெயர் வைத்துக்கொண்டு நிற்கிறது என்பதை அறிந்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

1920களிலிருந்தே சிக்கிள் மட்டும் போதாமல் மலாயா, சுமாத்திரா, போர்னியோக் காடுகளின் ஜெலுத்தோங் மரப்பாலையும் அமெரிக்கச் சுவிங்கக் கம்பனிகள் வாங்கத் தொடங்கின. 1942இன் முதல் மாதங்களில் அந்த நாடுகள் ஜப்பான் வசம் போனதும் றப்பரும் போயிற்று, ஜெலுத்தோங்கும் போயிற்று. நேச நாடுகளுக்கு றப்பர் தரப் பெரிதாக மிஞ்சியது இலங்கை. மரம் செத்தாலும் பரவாயில்லை, பாலை எடு என்று தோட்டங்களில் அளவுக்கு மீறி வெட்டினார்கள். இனிப்புக்குச் சீனித் தட்டுப்பாடு, பசைக்குப் பால் தட்டுப்பாடு. அமெரிக்காவில் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பபிள்கம் கிடைக்கவில்லை. சுவிங்கத்தைப் படையினரின் உணவுப் பொதிக்குள் வைத்தார்கள். றிக்லி கம்பனி 1944இல் ஸ்பியர்மின்ட், டபுள்மின்ட், ஜூசி புரூட் மூன்றையும் கடையிலிருந்தே எடுத்துப் படைகளுக்கு மட்டும் அனுப்பியது. அப்படிப்பட்ட வருடத்தில்தான், தன் ஊரில் தன் தம்பி தங்கைக்குக் கிடைக்காத ஒன்றை, அந்தக் கப்பல்காரர் எங்கள் ஊர்ச் சிறுமியின் கைக்குள் வைத்திருக்கிறார். போருக்குப் பிறகு எண்ணெயிலிருந்து செயற்கைப் பசை செய்யக் கற்றுக்கொண்டார்கள். இன்றைக்குக் கடையில் வாங்குகிற துண்டில் மரம் ஏறக்குறைய இல்லை.

அன்றைக்கு அம்மம்மா மாவிடித்த உலக்கை பாலை மரமாகத்தான் இருக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் உலக்கைக்கும் செக்குக்கும் வீட்டு வளைக்கும் ரயில் பாதைச் சிலிப்பர்க் கட்டைக்கும் அந்த மரத்தைத்தான் தேடுவார்கள். கறையான் அரிக்காது, தண்ணீரில் போட்டால் தாழும். "துப்பு" என்று அவர் ஓங்கி வந்த கட்டைக்குள்ளும் ஒருகாலத்தில் அதே பால்தான் ஓடியிருக்கும்.

ஆனியில் யாராவது வன்னிப் பக்கமிருந்து பாலைப்பழம் கொண்டுவந்தால் அம்மா வேறு வேலை பார்க்க மாட்டார். ஓலைப் பெட்டியோடு திண்ணையில் இருந்து, ஒவ்வொன்றாகத் தொப்பி கழற்றி, விதையை எண்ணி ஒரு பக்கம் வைப்பார். உதடு ஒட்டிய பிறகு ஊமைப் பாஷை. பபிள்கம் அவர் வாழ்நாளில் இன்னொரு தடவை வாயில் வைக்கவில்லை. கேட்டால், "அதுதான் ஒருக்கால் விழுங்கியிட்டனே" என்பார்.

பெட்டிக்குப் பின்னால் ஐந்தாறு வயதில் ஒரு பேத்தி, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டைப் பையில் மிச்சம் கிடந்த பபிள்கம்மைப் பிரித்து, பாதியை என் வாயில் போட்டு மென்றேன். பாலைப்பழத்தின் பசையும் அதுவும் சேர்ந்து வாய்க்குள் ஒரே பிசுபிசுப்பு. பிள்ளைக்கு முன்னால் குந்தி இருந்து ஊதினேன். வந்தது. நெல்லிக்காயளவு, பிறகு எலுமிச்சையளவு. உடைந்து உதட்டில் அப்பியது. அவள் ஓடவில்லை. கையை நீட்டினாள். மற்றப் பாதியைத் தாளோடு கொடுத்தேன். அவள் அதை வாயில் போடாமல், முதலில் தாளை முழங்காலில் வைத்துச் சுருக்கம் நீவத் தொடங்கினாள்.

"ரெண்டு சுண்டு போடவா மகன்?" என்று கேட்டார் அந்த அம்மா. தலையாட்டினேன், பேச வாய் திறக்கவில்லை. அவருக்கு அது பழகிய விஷயம். பால் தகரப் பேணியால் அளந்து காகிதப் பையில் கொட்டிவிட்டு, பக்கத்தில் இருந்த சின்னப் போத்தலை எடுத்து என் உள்ளங்கையில் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டார்.

"இதப் பூசுங்க. பூசிட்டு ஈரத்துணியால தொடைங்க. இல்லாட்டி கொழும்புக்குப் போற வரைக்கும் இப்பிடித்தான் இருக்கும்."